டவர் எட்டாத இடத்திலும் ஓடிபி

2025 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு சிறு வணிகர்களுக்கு இருந்த ஒரு சலுகை முடிந்தது. அதுவரை ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் உள்ளவர்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் தட்டி இ-வே பில் தளத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று முதல் அவர்களுக்கும் ஓடிபி கட்டாயம். தளத்தை நடத்தும் தேசியத் தகவலியல் மையம் பெரிய கைகளில் தொடங்கி இதைப் படிப்படியாகக் கீழே இறக்கியது. 2023 ஆகஸ்டில் 100 கோடிக்கு மேல் விற்போர், 2025 ஜனவரியில் 20 கோடிக்கு மேல், பிப்ரவரியில் 5 கோடிக்கு மேல், ஏப்ரலில் மீதிப் பேர் எல்லோரும்.

அந்த மீதிப் பேர் யார் என்று தெரிய வேண்டுமானால், சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் சின்னசேலம் தாண்டிக் கள்ளக்குறிச்சிக்குள் நுழைந்தால் போதும். அரிசி ஆலைக்காரர், மக்காச்சோளம் வாங்கி விற்பவர், உரக்கடை, ஹார்டுவேர் கடை. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்பினால் லாரி கிளம்பும் முன் இ-வே பில் போட வேண்டும். கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளி, பச்சைக் கிழங்காக இறங்கி வரும்வரை இந்தத் தொல்லை இல்லை. அதற்கு வரி விலக்கு. ஆலைக்குள் போய் ஜவ்வரிசியாகவோ ஸ்டார்ச்சாகவோ மாறி லாரி ஏறும்போது பில் கேட்கிறார்கள். அரிசியும் அப்படித்தான். 2022 ஜூலைக்குப் பிறகு, அச்சிட்ட பையில் 25 கிலோ வரை இருந்தால் வரி உண்டு, தாண்டினால் இல்லை. கடைகளில் 26 கிலோ சிப்பம் முளைத்த கதை அதுதான். வரிச் சட்டத்தை நம் வணிகர்கள் எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கிறார்கள் என்பதற்கு அந்த ஒரு கிலோ சாட்சி. அதே ஆட்கள்தான் ஓடிபி என்றதும் ‘நம்பர் வரும், போடணும்’ என்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

அந்த எண் எங்கே பிறக்கிறது, யார் கையில் பிறக்கிறது என்பதில்தான் இதன் பாதுகாப்பு முழுவதும் இருக்கிறது.

ஒரு கடையின் கடவுச்சொல் வெளியே போனால் என்ன ஆகும்? வங்கிக் கணக்கு போல உடனே பணம் காணாமல் போகாது. அதனால்தான் அலட்சியம். ஆனால் அந்தக் கடையின் ஜிஎஸ்டி எண்ணில், ஓடாத லாரிக்கும் ஏற்றாத சரக்குக்கும் எவரோ பில் போடலாம். அந்தப் பில்லைக் காட்டி இன்னொருவர் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறலாம். நோட்டீஸ் வரும்போது முகவரி கள்ளக்குறிச்சியாக இருக்கும். ஆன்லைன் கணக்கு மென்பொருளிலும் இதே கதி. யார் எவ்வளவு பாக்கி, எந்த வங்கிக் கணக்கு எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லி இன்வாய்ஸ் போகிறது என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. இன்வாய்ஸில் உள்ள வங்கிக் கணக்கு எண்ணை ஒருவன் சத்தமில்லாமல் மாற்றி வைத்தால், வாங்கியவர் நல்ல மனதோடு திருடனுக்குப் பணம் கட்டுவார்.

ஆளை அடையாளம் காண மூன்று வழிகள் உண்டு. அவருக்குத் தெரிந்த ஒன்று, அவரிடம் இருக்கும் ஒரு பொருள், அவரது உடம்பிலேயே உள்ள ஒன்று. கடவுச்சொல் முதல் வகை, போன் இரண்டாவது, கைரேகை மூன்றாவது. பல காரணி உறுதிப்பாடு என்று பாடநூல் நடையில் சொல்வதன் பொருள், வேறு வேறு வகையிலிருந்து இரண்டைக் கேட்பது. இரண்டு கடவுச்சொல் கேட்டால் அது இரண்டு காரணி ஆகாது. ஒரே டைரியில் இரண்டும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஏடிஎம்மில் அட்டையும் பின் எண்ணும் கேட்கிறார்களே, அது சரியான இரண்டு. கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டு, சாவியை இரு வேறு ஆட்களிடம் கொடுத்து வைப்பதும் இதே கணக்குதான். பூட்டு எவ்வளவு கனம் என்பதைவிட, சாவிகள் ஒரே இடுப்பில் தொங்கவில்லை என்பதே அங்கே காவல்.

இந்தியாவில் இது பழகிப் போனதற்குக் காரணம் ரிசர்வ் வங்கி. 2009 ஆகஸ்டிலிருந்து இணையத்தில் அட்டை கொண்டு பணம் செலுத்தக் கூடுதல் உறுதிப்பாடு வேண்டும் என்று அது விதித்தது. வங்கிகள் பிடித்துக்கொண்ட எளிய வழி எஸ்எம்எஸ். அதனால் நம் மனதில் ஓடிபி என்றால் எஸ்எம்எஸ், எஸ்எம்எஸ் என்றால் ஓடிபி என்று பதிந்துவிட்டது.

எஸ்எம்எஸ் ஓடிபி எங்கோ ஒரு கணினியில் பிறக்கிறது. அங்கிருந்து குறுஞ்செய்தி நிறுவனம், அங்கிருந்து தொலைபேசி நிறுவனத்தின் செய்தி மையம், அங்கே இந்த சிம் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற தேடல், பிறகு டவர், பிறகு போன். இத்தனை கைமாறலில் எங்கே தடுக்கினாலும் எண் வராது. 2021 மார்ச் 8-ஆம் தேதி நாடு முழுவதும் தடுக்கியது. தொல்லை தரும் விளம்பரச் செய்திகளை வடிகட்ட, பதிவு செய்த வாசக அமைப்போடு பொருந்தாத செய்திகளைத் தொலைபேசி நிறுவனங்கள் அன்று நிறுத்தத் தொடங்கின. விளம்பரத்தோடு சேர்ந்து வங்கி ஓடிபிகளும் நின்றன. மறுநாளே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் அந்த வடிகட்டலை ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தது.

கல்வராயன் மலையில் தடுக்கும் இடம் கடைசிப் படி. கச்சிராயபாளையத்தில் கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் வளைவுக்கு வளைவு சிக்னல் வரும், போகும். கைபேசி அலைகளின் இயல்பு அது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அலைநீளம் குறையக் குறைய அலை ஒளியைப் போல நேர்கோட்டில் போகப் பார்க்கும். மலை முகட்டைத் தாண்டி வளைந்து பள்ளத்துக்குள் இறங்காது. முகட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர், வெயிலில் நிழல் விழுவதுபோல, அலை நிழலில் விழுந்துவிடும். இந்த வளைவில் ஒரு நிறுவனத்தின் டவர் எடுக்கும், அடுத்ததில் வேறொன்றின் டவர். ஜிஎஸ்டியில் பதிவான சிம் எந்த நிறுவனத்துடையதோ அது எடுக்காத ஊரில், இன்னொரு சிம்மில் இணையம் ஓடினாலும் ஓடிபி வராது.

இந்தச் சிக்கலுக்கான விடை இ-வே பில் தளத்திலேயே இருக்கிறது. ஓடிபி பெற மூன்று வழி தருகிறார்கள்: எஸ்எம்எஸ், அரசின் செய்திச் செயலியான சந்தேஷ், என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு என்ற தனிச் செயலி. மூன்றாவதற்கு ஓடிபி காட்ட இணையமும் வேண்டாம், டவரும் வேண்டாம். 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும். போனின் நேரம் தளத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டியில் எழுதியிருக்கிறார்கள். கூகுள் ஆதென்டிகேட்டர், மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர், நம்ம ஊர் ஸோஹோ நிறுவனத்தின் ஒன்ஆத் எல்லாம் இந்த வகை எண்ணைக் காட்டுபவைதான்.

டவர் இல்லாத போனுக்கு எண் எப்படி வருகிறது? வரவே இல்லை. அங்கேயே பிறக்கிறது.

இத்தகைய செயலியை முதல்முறை அமைக்கும்போது பொதுவாகத் திரையில் ஒரு கியூஆர் கட்டம் தோன்றும். அதைப் பலர் ஏதோ இணைப்பு முகவரி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குள் இருப்பது ஒரு ரகசியச் சரம். ஆங்கில எழுத்துகள் 26, அதோடு 2 முதல் 7 வரை இலக்கங்கள், ஆக 32 குறிகளால் அது எழுதப்பட்டிருக்கும். 0, 1, 8 மூன்றையும் விட்டுவிட்டார்கள், எழுத்துகளோடு குழம்பும். ஸ்கேன் செய்த கணத்தில் அந்த ரகசியம் தளத்திலும் போனிலும் இரு பிரதிகளாக உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. இருவருக்கும் பொதுவாக இன்னொன்று ஏற்கெனவே இருக்கிறது: நேரம்.

1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளை எண்ணுவது கணினிகளின் வழக்கம். 2025 ஜூன் 15, நம் நேரப்படி இரவு 8 மணி 36 நிமிடம் 40 நொடிக்கு அந்த எண்ணிக்கை சரியாக 175 கோடியைத் தொட்டது. அதை 30-ஆல் வகுத்து மீதியைத் தள்ளினால் 5,83,33,333. அடுத்த 20 நொடிக்கு விடை இதே. பிறகு கடைசி 3, 4 ஆகும். வெள்ளிமலையில் இருக்கும் போனும் டெல்லியில் இருக்கும் சர்வரும் இதைத் தனித்தனியே வகுத்தாலும் ஒரே விடைதான் கிடைக்கும்.

இந்த எண்ணையும் ரகசியத்தையும் சேர்த்து எச்-மேக் என்ற கணக்குக்குள் போடுகிறார்கள். மிஹிர் பெல்லாரே, ரான் கானெட்டி, ஹ்யூகோ கிராவ்சிக் மூவரும் 1996-இல் வெளியிட்ட முறை அது. உள்ளே போவதில் ஒரே ஒரு பிட் மாறினாலும் வெளியே வருவது முழுக்க மாறிவிடும். வெளியே வந்ததை வைத்து உள்ளே போன ரகசியத்தைத் திருப்பி எடுக்க முடியாது. வழக்கமான அமைப்பில் விடையாக 20 பைட் வரும். அவ்வளவு பெரிய எண்ணை யாரும் தட்டப் போவதில்லை. எனவே கடைசிப் பைட்டின் கடைசி நான்கு பிட்டைப் பார்க்கிறார்கள். அது 0 முதல் 15 வரை ஓர் எண்ணைச் சொல்லும். அந்த இடத்திலிருந்து நான்கு பைட்டை வெட்டி, முதல் பிட்டை விட்டுவிட்டு, பத்தடிமான எண்ணாக்கி, கடைசி ஆறு இலக்கத்தை வைத்துக்கொள்கிறார்கள். ஓடிபி தயார்.

இதில் எதுவும் ரகசியமான முறையல்ல. அதுதான் எனக்குப் பிடித்த அம்சம். எண்ணிக்கையை வைத்து ஓடிபி செய்யும் விதி 2005-லும், எண்ணிக்கைக்குப் பதில் நேரத்தை வைக்கும் விதி 2011-லும் இணையப் பொறியாளர் குழுவால் ஊரறிய வெளியிடப்பட்டன. சரிபார்ப்பதற்கு மாதிரி விடைகளும் கொடுத்திருக்கிறார்கள். ரகசியம் 1 முதல் 9, பிறகு 0 என்று இருமுறை எழுதிய சரமாக இருந்தால், எண்ணிக்கை 0-க்கு விடை 755224. 1-க்கு 287082. 2-க்கு 359152. இந்த மூன்றையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் நான்காவதை ஊகிக்க முடியாது. ரகசியம் தெரிந்தவருக்கோ, கல்லூரி மாணவர் எழுதும் இருபது வரி நிரல் போதும்.

கடிகாரம் விலகினால்? போனுக்குள் நேரம் காட்டுவது நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் ஒரு நாளைக்கு 1.7 நொடி வரும். அரை நிமிடம் பிசக இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் போன் ஏதாவது ஒரு டவரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். சர்வரும் தாராளம் காட்டும். முந்தைய அரை நிமிடத்தின் எண்ணையும் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். நம் ஊரில் தொல்லை படிகத்தால் வருவதில்லை. பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னே வைக்கிறோமே, அந்தப் பழக்கத்தால் வருகிறது. போனில் அப்படி வைத்தால் அது எதிர்காலத்தின் ஓடிபியைக் காட்டிக்கொண்டிருக்கும். தளம் ஒவ்வொன்றாகத் தள்ளும். தானியங்கி நேரத்தை இயக்கினால் தீர்ந்தது.

ஒரு நியாயமான கேள்வி வரும். தளத்தைத் திறக்கவே இணையம் வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஓடிபி மட்டும் பிறந்து என்ன பயன்? முழு இருட்டில் பயன் இல்லைதான். ஆனால் மலையின் நிலைமை பெரும்பாலும் அரை இருட்டு. ஒரு சிம் எடுக்கும், ஒன்று எடுக்காது; அல்லது கம்பிவழி இணையம் இருக்கும், கைபேசி டவர் இருக்காது. கீழே கள்ளக்குறிச்சியிலேயே நெரிசல் நேரத்தில் இணையம் ஓடும், எஸ்எம்எஸ் பத்து நிமிடம் கழித்து வரும், அதற்குள் ஓடிபியின் ஆயுள் முடிந்திருக்கும். இந்த எல்லா நிலைக்கும் போனுக்குள் பிறக்கும் எண் பொருந்தும்.

திருடன் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எஸ்எம்எஸ்தான் இளைத்தது. ஆள்மாறாட்டம் செய்து அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவனுக்குப் போகும். தொலைபேசி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற பழைய ஏற்பாட்டின் ஓட்டை வழியே ஜெர்மனியில் வங்கி ஓடிபிகளை மடைமாற்றிப் பணம் எடுத்தது 2017-இல் உறுதியானது. நம்மிடம் அவ்வளவு வித்தை தேவைப்படுவதில்லை. ‘உங்கள் வண்டிக்கு அபராதம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு வரும்; நிறுவினால் குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கும்; ஆம் என்றால் அதன்பின் வரும் ஓடிபி எல்லாம் அவனுக்கும் ஒரு பிரதி.

அதற்காக எஸ்எம்எஸ் வீண் என்று சொல்லக் கூடாது. 2019-இல் கூகுள், நியூயார்க் பல்கலைக்கழகம், கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து பார்த்தபோது, எஸ்எம்எஸ் ஓடிபி தானியங்கித் தாக்குதல்களை 100 சதவீதமும், மொத்தமாக வலை வீசும் மோசடிகளை 96 சதவீதமும் தடுத்தது. குறிப்பிட்ட ஆளை வைத்துக் குறி பார்த்த தாக்குதலில் அது 76-க்கு இறங்கியது. வேறு வழி இல்லாதவருக்கு எஸ்எம்எஸ் நல்லதே. ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் ஆபத்து.

செயலியில் பிறக்கும் எண்ணுக்கும் பலவீனம் உண்டு. அசல் போலவே ஒரு போலித் தளம் செய்து, நீங்கள் தட்டும் எண்ணை அதே அரை நிமிடத்துக்குள் அசல் தளத்தில் தட்டினால் கதவு திறக்கும். இரண்டாவது பலவீனம், ரகசியத்தின் இரு பிரதிகளில் ஒன்று இன்னொருவரிடம் இருப்பது. 2011 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள், அதன் செக்யூர்ஐடி கருவிகள் சம்பந்தப்பட்ட ரகசியத் தகவலை எடுத்துப் போனார்கள். பிறகு அந்நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குக் கருவிகளையே மாற்றித் தர நேர்ந்தது. மூன்றாவது நம் பங்களிப்பு: கியூஆர் கட்டத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று கடை வாட்ஸ்அப் குழுவில் போடுவது. குழுவில் உள்ள எல்லோருக்கும் அந்தக் கணமே சாவி கிடைத்துவிடும்.

முதல் இரண்டுக்கும் மருந்து பாஸ்கீ. இதில் தளத்தின் கையில் ரகசியத்தின் பிரதி கிடையாது. போன் ஒரு ஜோடிச் சாவி செய்து, சரிபார்க்க மட்டும் உதவும் பாதியைத் தளத்துக்குக் கொடுத்து, கையெழுத்திடும் பாதியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. தளத்தின் முகவரியோடு சாவி பிணைந்திருப்பதால் போலித் தளத்தில் அது அசையாது. மனிதக் கண் ஏமாந்தாலும் போன் ஏமாறாது. ஸோஹோ புக்ஸ் போன்ற ஆன்லைன் கணக்கு மென்பொருளில் இந்த வசதி வந்துவிட்டது. இருக்கும் இடத்தில் நான் அதைத்தான் சொல்வேன்.

இத்தனை அறிவியலையும் ஒரு போன் அழைப்பு கவிழ்த்துவிடும். “அண்ணே, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.” பேசுவது திருடன் அல்ல, ஆடிட்டர் ஆபீஸ் பையன். கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்களில் ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருபவர் எல்லோருமே ஆடிட்டர்தான்; அவர் மேசையில் பல கடைகளின் கடவுச்சொற்கள் ஒரே நோட்டில் இருக்கும். பாதிப் பேர் இந்த அழைப்பைக்கூட வேண்டாம் என்று அவர் செல் எண்ணையே பதிவு செய்துவிட்டிருப்பார்கள். இது கள்ளக்குறிச்சிக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. ஜிஎஸ்டி வந்த மறுவருடமே, 2018-இல், மத்திய நிதி அமைச்சகம் இது பற்றி அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது: பதிவு செய்து கொடுத்த இடைத்தரகர்கள் தங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு, இப்போது விவரம் தர மறுக்கிறார்கள் என்று புகார்கள் வருவதாகவும், அத்தகைய வணிகர்கள் தங்கள் பகுதி வரி அதிகாரியை அணுகி எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்றும். தன் கடைக்குள் நுழையத் தானே மனு கொடுக்கும் நிலை. இரண்டு சாவியும் ஒரே இடுப்பில் என்பது இதுதான்.

ஆடிட்டரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. அவருக்குத் தனி நுழைவு கொடுங்கள் என்கிறேன். இ-வே பில் தளத்தில் துணைப் பயனர்களை உருவாக்கலாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் கைபேசி எண்ணுக்கே ஓடிபி போகும். பில் போடும் பிள்ளைக்கு ஒன்று, ஆடிட்டர் ஆபீசுக்கு ஒன்று, முதலாளிக்கு முதன்மைக் கணக்கு. கணக்கு மென்பொருளிலும் இப்படித்தான்: பார்க்க மட்டும் ஒருவர், பதிவு செய்ய ஒருவர், வங்கி விவரம் மாற்ற முதலாளி மட்டும். நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், எந்தப் பதிவை எப்போது திருத்தினார்கள் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. ஐந்து பேர் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தத் தடத்தில் ஒரே பெயர்தான் இருக்கும். யார் செய்தது என்ற கேள்விக்கு விடை இருக்காது.

கடைசியாக, போன் தொலைந்தால் என்ன செய்வது என்பதை அமைக்கும் அன்றே முடித்துவிட வேண்டும். காப்புப் பிரதி இல்லாவிட்டால் செயலியோடு ரகசியமும் போய்விடும். புதுப் போனில் அதே செயலியை நிறுவினால் வெறும் திரைதான் இருக்கும். பெரும்பாலான கணக்கு மென்பொருள்கள் ஒருமுறை மட்டும் செல்லும் மாற்று எண்கள் சிலவற்றைக் கொடுக்கின்றன. அவற்றை அச்செடுத்துக் கடைப் பத்திரங்களோடு பீரோவில் வைக்கலாம். கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டக் கூடாது. பழைய போனை விற்கும் முன், அதில் இருக்கும் செயலிக் கணக்குகளைப் புதியதற்கு மாற்றி, ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டுப் பிறகு அழிக்கவும். பில் போடும் பிள்ளை வேலையை விட்டுப் போனால் அன்று மாலையே அவர் துணைக் கணக்கை முடக்கவும். ஓடிபி பதிவை இ-வே பில்லுக்குச் செய்துவிட்டு இ-இன்வாய்ஸுக்குத் தனியாகச் செய்ய வேண்டுமோ என்று யோசிக்க வேண்டாம்; இரண்டுக்கும் ஒரே பதிவு செல்லும்.